'ப' என்றால் பங்கு

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் ஐவர்



தமிழ்ப் பாடவேளை முடிந்து மணி அடித்தால், "அதற்குள்ளாகவா!" என்று வருந்துவோம். கணக்குப் பாடவேளை முடிந்து மணி அடித்தால், "அப்பாடா!" என்று பெருமூச்சு விடுவோம். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் நிலை இதுதான். கணக்கு எங்களுக்கு வேப்பங்காய். அதிலும் மிகவும் கசந்தது விகிதமும் விகித சமமும்.

வெறும் எண்களாகக் கொடுத்தால் எப்படியோ சமாளித்துவிடுவோம். "ஒரு தாயின் வயதும் மகளின் வயதும்..." என்றோ, "ஒரு பாத்திரத்தில் பாலும் தண்ணீரும்..." என்றோ கணக்கு தொடங்கினால் போதும், உள்ளங்கை வியர்த்துவிடும். படித்து முடிப்பதற்குள் எது பால், எது தண்ணீர் என்பதே குழம்பிவிடும். இக்கட்டுரையை எழுதும் நாங்கள் ஐவரும் வகுப்பின் கடைசி இரண்டு பெஞ்சுகளைச் சேர்ந்தவர்கள். கணக்கில் புலிகள் அல்லர். அதனாலேயே இதை எழுதத் துணிந்தோம். எளிதாக நடந்து வந்தவர்களைவிடத் தட்டுத் தடுமாறி வந்தவர்களுக்குத்தானே வழியிலுள்ள மேடும் பள்ளமும் நன்றாகத் தெரியும்?

ஏழு வயதுத் தாய்

காலாண்டுத் தேர்வின் கடைசி வினா இது:

"ஒரு தாயின் வயதும் அவள் மகளின் வயதும் 7 : 2 என்ற விகிதத்தில் உள்ளன. 10 ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய வயதுகளின் விகிதம் 9 : 4 ஆகும். இருவரின் தற்போதைய வயது என்ன?"

ஐந்து மதிப்பெண்கள். வகுப்பில் மொத்தம் 44 பேர். சரியான விடை எழுதியவர்கள் 6 பேர்!

விடைத்தாள் கொடுக்கும் நாளன்று எங்கள் கணக்கு சிஸ்டர் கையில் கட்டுடன் உள்ளே நுழைந்தபோது வகுப்பில் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லை. சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு விடைத்தாளை எடுத்து, பெயரைச் சொல்லாமல் படித்தார்கள்: "தாயின் வயது 7. மகளின் வயது 2."

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்து, "இந்தத் தாய் நம் பள்ளியில்தான் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாளா?" என்று கேட்டார்கள். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

இன்னொரு தாளில், "7 + 10 = 17, 2 + 10 = 12. ஆகவே விகிதம் 17 : 12. வினாத்தாளில் 9 : 4 என்று இருப்பது அச்சுப் பிழை" என்று எழுதப்பட்டிருந்தது. தன் விடை தவறாக இருக்கும் என்ற ஐயம் அந்த மாணவிக்கு எள்ளளவும் வரவில்லை! மீண்டும் சிரிப்பு. சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம். ஆனால் அந்த இரண்டு தாள்களும் எங்கள் ஐவருக்குள்தான் இருந்தன. மணி அடித்த பிறகு, சிரித்தவளும் அழுதவளும் ஒரே குழாயடியில்தான் முகம் கழுவினோம்.

தீப்பெட்டிப் பாடம்

மறுநாள் சிஸ்டர் சாக்குக்கட்டியோடு ஒரு துணிப்பையையும் கொண்டு வந்தார்கள். பையிலிருந்து 9 தீப்பெட்டிகளை எடுத்தார்கள். மேசையின் ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் இரண்டு என்று அடுக்கினார்கள்.

"ஒவ்வொரு பெட்டியிலும் புளியங்கொட்டை போட்டிருக்கிறேன். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை. எத்தனை என்று சொல்ல மாட்டேன். இது தாயின் வயது, அது மகளின் வயது. இப்போது சொல்லுங்கள், தாயின் வயது ஏழா?"

"இல்லை சிஸ்டர், ஏழு பெட்டி!"

"ஒரு பெட்டியில் எத்தனை?"

"தெரியாது சிஸ்டர்."

"தெரியாது என்று சொன்னீர்களே, அதுதான் கணக்கின் முதல் வரி. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு ஒரு பெயர் வையுங்கள். புத்தகத்தில் எக்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். எக்ஸ் என்றவுடன் உங்களுக்குக் காய்ச்சல் வருகிறது. நாம் 'ப' என்று வைப்போம். 'ப' என்றால் பங்கு. ஒரு பெட்டிக்குள் இருப்பது 'ப'."

தாயின் வயது 7ப, மகளின் வயது 2ப. கரும்பலகையில் இப்படி எழுதியவுடன் எங்களுக்கு ஏதோ ஒரு கதவு திறந்ததுபோல் இருந்தது. காலாண்டுத் தேர்வில் நாங்கள் தொலைத்தது இந்த ஒரே ஓர் எழுத்தைத்தான்!

அடுத்து, இரு பக்கமும் பத்துப் பத்துப் புளியங்கொட்டைகளை வெளியே உதிரியாக வைத்தார்கள். பத்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. பெட்டிகளின் எண்ணிக்கை மாறவில்லை. உதிரிகள் மட்டும் சேர்ந்தன. ஒரு பக்கம் 7ப + 10, மறுபக்கம் 2ப + 10. பழைய விகிதம் ஏன் கெட்டுப்போயிற்று என்பது கண்ணெதிரே தெரிந்தது. இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது. ஒரே எண்ணைக் கூட்டினால் மாறிவிடும். சிறிய பக்கத்துக்குப் பத்து என்பது பெரிய வளர்ச்சி, பெரிய பக்கத்துக்கு அவ்வளவு இல்லை. மகளின் வயது தாயின் வயதை எட்டிப் பிடிக்காது. ஆனால் விகிதம் ஆண்டுதோறும் நெருங்கிக்கொண்டே வரும்.

இப்போது விகிதம் 9 : 4 என்கிறது வினா. அப்படியானால் தாயின் பக்கத்தை நான்கு மடங்காக்கினாலும் மகளின் பக்கத்தை ஒன்பது மடங்காக்கினாலும் ஒரே அளவு வரவேண்டும். குறுக்குப் பெருக்கல் என்று நாங்கள் காரணம் தெரியாமலே செய்துவந்தது இதுதான்.

4 (7ப + 10) = 9 (2ப + 10)
28ப + 40 = 18ப + 90
10ப = 50
ப = 5

தாயின் வயது 35, மகளின் வயது 10. பத்து ஆண்டுகளுக்குப் பின் 45, 20. அதாவது 9 : 4. அச்சுப் பிழை இல்லை!

விடை வந்த பிறகுதான் சிஸ்டர் தீப்பெட்டியைத் திறக்க அனுமதித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து புளியங்கொட்டைகள். நாங்கள் கைதட்டிய ஓசையில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்கள்.

கொத்தனார் சட்டி

"உங்கள் வீட்டில் விகிதம் எங்கே இருக்கிறது?" என்று சிஸ்டர் கேட்டார்கள். "எங்கள் வீட்டில் கிடையாது சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. "இட்லிக்கு உங்கள் அம்மா எப்படி ஊறப்போடுகிறார்கள்?" "நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து." "அது என்னவாம்?"

வகுப்பில் அதிகம் பேசாத தோழி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தந்தை கொத்தனார். "சுவர் கட்ட ஒரு சட்டி சிமெண்டுக்கு ஆறு சட்டி மணல், பூசுவதற்கு ஒரு சட்டிக்கு நாலு சட்டி என்று அப்பா சொல்லுவார் சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் முகம் மலர்ந்தது. "சட்டி பெரிதா, சிறிதா?" "எதுவானாலும் ஒன்றுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே சட்டியால் அளக்கவேண்டும்." "அந்தச் சட்டிதான் நம்முடைய 'ப'. உன் அப்பா தினமும் இயற்கணிதம் செய்கிறார். நீ போய் அவரிடம் சொல்" என்றார்கள். அன்று முதல் அந்தத் தோழி கணக்குப் பாடவேளையில் முதல் பெஞ்சில் இடம் பிடிக்கத் தொடங்கினாள்.

பிறகு ஐந்து படிகளைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். எது தெரியாது என்று பார். அதற்கு ஒரு பெயர் வைத்து, அது எதைக் குறிக்கிறது என்று முதல் வரியில் எழுது. கணக்கிலுள்ள எல்லாவற்றையும் அந்தப் பெயரால் சொல். எதுவும் எதுவும் சமம் என்று கண்டுபிடித்து நடுவில் சமக்குறி போடு. விடை வந்ததும் வினாவில் பொருத்திப் பார். ஐந்தாவது படியைச் செய்திருந்தால் ஏழு வயதுத் தாய் எங்கள் விடைத்தாளில் பிறந்திருக்கவே மாட்டாள்.

சர்பத் கெட்ட கதை

அக்டோபர் மாதம் மிஷன் ஞாயிறை ஒட்டி எங்கள் பள்ளியில் சிறு விற்பனை விழா நடந்தது. எங்கள் வகுப்புக்கு நன்னாரிச் சர்பத் கடை. ஒரு பங்கு பாகுக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று விடுதிச் சமையல் அக்கா சொல்லியிருந்தார்கள். கலக்கிய இருவரும் பேச்சு சுவாரசியத்தில் ஒன்றுக்கு ஐந்தாகக் கலந்துவிட்டார்கள். 24 லிட்டரும் சப்பென்று இருந்தது. வாசலில் ஆறாம் வகுப்புத் தங்கைகள் சில்லறையுடன் வரிசையில் நிற்கிறார்கள்!

"நாலு லிட்டர் பாகு ஊற்று" என்றாள் ஒருத்தி. "இரண்டு போதும்" என்றாள் மற்றொருத்தி. ஒவ்வொரு லிட்டர் பாகும் காசு. கூடுதலாக வாங்கினால் விழா நிதிக்குச் சேரும் தொகை அந்த அளவு குறைந்துவிடும். அப்போது எங்களில் ஒருத்தி சர்பத் மேசையின் மேல் விரித்திருந்த செய்தித்தாளின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள்.

1ப + 5ப = 24. ஆகவே ப = 4. பாகு 4 லிட்டர், தண்ணீர் 20 லிட்டர். இன்னும் தேவைப்படும் பாகு 'த' என்க. தண்ணீர், பாகைப்போல் நான்கு மடங்கு இருக்கவேண்டும்.

4 (4 + த) = 20
16 + 4த = 20
த = 1

ஒரே ஒரு லிட்டர்! ஊற்றிக் கலக்கினோம். சர்பத் சரியாக இருந்தது. "20 லிட்டர் தண்ணீருக்கு 5 லிட்டர் பாகு, நாலு இருக்கிறது, ஒன்று போதும். இதற்குப் போய் எழுத்தா?" என்று வகுப்பின் முதல் மாணவி பிற்பாடு கேட்டாள். உண்மைதான், மனக்கணக்காகவே வரும். ஆனால் வரிசை நெருக்கிக்கொண்டு நிற்கும்போது எங்களைப் போன்றவர்களுக்கு மனம் ஓடாது. தாளில் எழுதிய 'த' ஓடாமல் நிற்கும்.

பதினெட்டே முக்கால் நாள்

கற்றுவிட்டோம் என்ற கர்வம் தலைக்கேறிய வேளையில் ஒரு சறுக்கல். "விடுதியில் 60 பேருக்கு 20 நாளுக்குப் போதுமான அரிசி இருக்கிறது. 5 நாள் கழித்து 15 பேர் புதிதாக வந்து சேருகிறார்கள். மீதி அரிசி எத்தனை நாளுக்கு வரும்?" என்றார்கள் சிஸ்டர்.

எங்களில் ஒருத்தி விறுவிறுவென்று எழுதினாள். மீதி 15 நாள். 60 பேர் 75 பேர் ஆகிவிட்டார்கள். 60 : 75 = 15 : ந. விடை பதினெட்டே முக்கால் நாள்!

சிஸ்டர் நிதானமாகச் சொன்னார்கள்: "சாப்பிடும் ஆட்கள் கூடக் கூட உணவும் கூடியது, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் இருந்த அன்றைக்குத்தான். அது புதுமை. இது கணக்கு." விடுதித் தோழியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எழுதுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று அன்று புரிந்தது. ஒன்று கூடினால் மற்றது கூடுமா, குறையுமா? துணியின் நீளம் கூடினால் விலை கூடும். அது நேர் விகிதம். அங்கே ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் ஈவு மாறாது. ஆட்கள் கூடினால் அரிசி வரும் நாள் குறையும். இது எதிர் விகிதம்; இங்கே இரண்டின் பெருக்கற்பலன் மாறாது. ஆகவே 60 × 15 = 75 × ந. அதாவது 900 = 75ந. ந = 12. பன்னிரண்டே நாள்! பதினெட்டே முக்கால் நாளை நம்பியிருந்தால், விடுதியில் ஆறே முக்கால் நாள் அடுப்பு எரிந்திருக்காது.

பெயர் வைத்த பெரியோர்

தெரியாத எண்ணுக்கு எழுத்தால் பெயர் வைப்பது சிஸ்டரின் சொந்தக் கற்பனை என்றே எண்ணியிருந்தோம். நூலகத்தில் தேடியபோது வியந்துபோனோம். மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் காணும் திரைராசிக விதி, கி.பி. 499ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஆரியபட்டரின் நூலிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய பீஜ கணிதத்தில், தெரியாத எண்களுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயர்களை வைத்து, அவற்றின் முதலெழுத்தால் குறித்திருக்கிறார்கள். எங்கள் 'ப'வும் 'த'வும் அந்தப் பரம்பரையில் வந்தவை அல்லவா! அல்ஜீப்ரா என்ற பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தம் நூலுக்கு இட்ட பெயரிலுள்ள 'அல்-ஜபர்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. சமக்குறியை 1557இல் முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்டு. எக்ஸைத் தெரியாத எண்ணுக்கு எழுதும் வழக்கம் 1637இல் வெளிவந்த டெகார்ட் என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூலிலிருந்து பரவியது.

எங்களை மிகவும் கவர்ந்தவர் ஒரு பெண்மணி. இத்தாலியில் மிலான் நகரில் 1718இல் பிறந்த மரியா காயத்தானா ஆக்னேசி. இளைஞர்கள் கற்பதற்காக, இயற்கணிதத்தில் தொடங்கி உயர்கணிதம் வரை செல்லும் இரு தொகுதி நூலை 1748இல் வெளியிட்டார். அறிஞர்களின் லத்தீனில் எழுதாமல், தம் நாட்டு மாணவர்க்குப் புரியும் இத்தாலிய மொழியில் எழுதினார். 1750இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அவரைப் பொலோனா பல்கலைக்கழகத்துக்கு நியமித்தார். ஆனால் ஆக்னேசி தம் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் ஏழைகளுக்கும் நோயுற்ற பெண்களுக்கும் தொண்டு செய்வதில் கழித்து, 1799இல் மறைந்தார். கணக்கு பெண்களுக்கு வராது என்று யாரேனும் சொன்னால், அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பெயர் இருக்கிறது!

தொள்ளாயிரம் ரூபாய்

இனி நாங்கள் சொல்லப்போவது பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கு. எங்கள் ஐவரில் ஒருத்தியின் வீட்டில் நடந்தது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவள் தாயாரும் அதே தெருவைச் சேர்ந்த இரு பெண்களும் சேர்ந்து, ஒரு கடைக்குத் துணிப்பைகள் தைக்கும் வேலையை மொத்தமாக ஒப்புக்கொண்டார்கள். வேலை முடிந்து ரூ.13,500 கிடைத்தது. "மூணு பேரும் சேர்ந்துதானே ஒத்துக்கிட்டோம், சமமாப் பிரிச்சுக்கலாம்" என்று மூவரில் மூத்தவரான எதிர்வீட்டுப் பெரியம்மா சொல்ல, ஆளுக்கு ரூ.4,500 எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிரவு எங்கள் தோழி வீட்டுக்கணக்குப் போட உட்கார்ந்தாள். கூட்டு வேலையில் கூலியைப் பிரிக்கும் கணக்கு. போட்டு முடித்ததும் விளையாட்டாகத் தன் வீட்டு எண்களைப் போட்டுப் பார்த்தாள். தம்பிக்குக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் இருந்ததால் அம்மா வேலை செய்தது 12 நாள். இரண்டாமவர் 15 நாள். பெரியம்மா 18 நாள். 12 : 15 : 18 என்பது 4 : 5 : 6.

4ப + 5ப + 6ப = 13,500
15ப = 13,500
ப = 900

அம்மாவுக்கு ரூ.3,600. இரண்டாமவருக்கு ரூ.4,500. பெரியம்மாவுக்கு ரூ.5,400. இரண்டு முறை சரிபார்த்தாள். விடை மாறவில்லை. அம்மாவின் கையில் ரூ.900 கூடுதலாக இருந்தது.

மறுநாள் மதிய உணவு வேளையில், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே எங்களிடம் சொன்னாள். "அம்மாவிடம் சொல்லவா, வேண்டாமா? பெற்ற தாயின் கூலியிலேயே குறை கண்டுபிடிக்கிறாயா என்று நினைத்துவிட்டால்?" எங்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது. "பெரியவர்கள் பேசி முடித்தது, நமக்கு ஏன்?" என்றாள் ஒருத்தி. "திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கிடைத்ததே, அதுபோல்தான் இது" என்றாள் மறைக்கல்வியில் எப்போதும் பரிசு வாங்குகிறவள். அது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பெயரைச் சொல்லாமல், ஒரு கணக்கைக் கேட்பதுபோல் சிஸ்டரிடம் கேட்டோம்.

சிஸ்டர் எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "அந்தத் தோட்டக்காரர் தம் பையிலிருந்து கொடுத்தார். மற்றவர்களுக்குப் பேசிய கூலி ஒரு காசும் குறையவில்லை. இங்கே அந்த 900 ரூபாய் யார் பையிலிருந்து போயிற்று என்று பாருங்கள்."

பார்த்தோம். நடுவிலுள்ளவருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 900 ரூபாயும் முழுக்க முழுக்க ஒருவர் பையிலிருந்து வந்தது. பெரியம்மா!

"யாருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்பதைக் கணக்கு சொல்லும். விட்டுக்கொடுப்பதா, வாங்கிக்கொள்வதா என்பதை மனிதர்கள்தாம் தீர்மானிக்கவேண்டும். முதலாவது தெரியாமல் இரண்டாவதைச் செய்தால், கொடுத்தவருக்கு நன்றிகூடச் சொல்ல முடியாது" என்றார்கள் சிஸ்டர்.

அன்று மாலை தோழி அம்மாவின் எதிரில் குறிப்பேட்டை விரித்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மாவுக்கு எழுத்துக் கணக்குப் புரியுமோ என்று பயந்தாள். அம்மாவோ 'ப'வைப் பார்த்ததும், "மூணு நாள் கூலியா?" என்று கேட்டார்களாம். ஆம், மூன்று நாள் வேலைக்கு 900 ரூபாய். அம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "எல்லாருமா சேர்ந்து விட்டுக்கொடுத்தாங்கன்னுல்ல நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் 900 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்கள். பெரியம்மா வாங்க மறுத்துவிட்டார்கள். "எனக்கு மட்டும் கணக்குத் தெரியாதா? விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டுத்தான் சமமாப் பிரிக்கலாம்னு சொன்னேன். புள்ளைக்குக் காய்ச்சல்னு நீ ஆஸ்பத்திரியில கெடந்தே. அப்பப் போயி நாள் கணக்குப் பாக்கவா?"

அம்மா விடவில்லை. "அப்படின்னா பணமா வேணாங்க்கா. அடுத்த வேலையில மூணு நாளு உங்க பங்கையும் நான் தைக்கிறேன். நீங்க வீட்டைப் பாருங்க." அதற்குப் பெரியம்மாவால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. பொங்கலுக்கு முன் வந்த வேலையில் அம்மா சொன்னபடியே செய்தார்கள்.

எங்கள் தோழி அந்தப் பழைய கணக்கின் அடியில் ஒரு வரி சேர்த்து எழுதி வைத்திருக்கிறாள்: 12 + 3 = 15, 15, 18 − 3 = 15. விகிதம் 1 : 1 : 1.

நிறைவாக

அரையாண்டுத் தேர்விலும் ஒரு வயதுக் கணக்கு வந்தது. 44 பேரில் 31 பேர் சரியாக எழுதினார்கள். எங்கள் ஐவரில் நால்வர் அந்த 31இல் அடக்கம். ஐந்தாமவள் வழியெல்லாம் சரியாக எழுதிக் கடைசி வரியில் கழித்தலைத் தவறவிட்டாள். அவளும் விடையைப் பொருத்திப் பார்த்திருந்தால் தப்பியிருப்பாள். இப்போது மற்றவர்களைவிட அவள்தான் ஐந்தாவது படியை விடாமல் செய்கிறாள்.

எட்டாம் வகுப்புக்கு வரப்போகும் அன்புத் தங்கைகளே! வாக்கியக் கணக்கைக் கண்டால் அஞ்சாதீர்கள். ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். விகிதத்தில் தெரியும் எண்களைக் கைக்கு வந்த விடை என்று எண்ணிவிடாதீர்கள். அவை பெட்டிகளின் எண்ணிக்கை மட்டுமே. பெட்டிக்குள் இருப்பது எவ்வளவு என்று தெரியவில்லையா? வெட்கப்படவேண்டாம். தெரியாது என்று சொல்லி, அதற்கு ஒரு பெயர் வைத்து எழுதத் தொடங்குங்கள். பாதிக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

அந்த ஒன்பது தீப்பெட்டிகளும் புளியங்கொட்டைகளோடு எட்டாம் வகுப்பு அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. எத்தனை கொட்டைகள் என்று உங்களிடம் சொல்லிவிட்டோமே என்று வருந்தவேண்டாம். சென்ற வாரம் சிஸ்டர் எண்ணிக்கையை மாற்றிவிட்டார்கள்!